என் மனைவியின் கைத்துப்பாக்கிக்கு வெடிமருந்து

1

போன சரஸ்வதி பூசைக்கு ஒரு பாடசாலை மண்டபத்தை வாடகைக்கு எடுத்தோம். மெல்பேர்ணில் நமக்கென்று கோயில் கிடையாது. கரும்பலகைக்குக் கீழே கும்பம் வைத்துப் பூசையை முடித்து, மேசை கதிரைகளைப் பழையபடி அடுக்கி, காவலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வருவதுதான் நடைமுறை. சாப்பிடும்போது எனக்குப் பக்கத்தில் கொழும்பிலிருந்து புதிதாக வந்த இளம் பொறியியலாளர் ஒருவர் இருந்தார்.

"பென்சன் எடுத்த பிறகு பொழுது எப்பிடிப் போகுது, அங்கிள்?" என்று கேட்டார்.

"மனிசிக்கு வெடிமருந்து நிறுத்துக் குடுக்கிறன்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் கதிரையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அந்தக் கதை விமானத் தபாலில் ஊருக்குப் போய், உருமாறித் திரும்பி வந்திருக்கிறது. நான் வெடிமருந்துத் தொழிற்சாலை வைத்திருப்பதாக ஒரு கடிதம். என் மனைவி அவுஸ்திரேலியப் பொலிசில் சேர்ந்துவிட்டதாக இன்னொன்று. யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் மட்டும், இப்போதிருக்கும் நிலையில் 'வெடி' என்ற சொல்லைக் கடிதங்களில் பாவிக்க வேண்டாம் என்று புத்தி சொல்லியிருக்கிறான். அது நியாயமான புத்தி. அதனால்தான் கடிதத்தில் எழுதாமல், எல்லோரும் படிக்கக்கூடியதாக இங்கே அச்சில் எழுதுகிறேன். மறைக்க ஒன்றுமில்லை. எல்லாவற்றுக்கும் அனுமதிப் பத்திரம் இருக்கிறது.

2

கொழும்பில் அரசாங்கக் களஞ்சியப் பகுதியில் என் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தேன். ஒரு பொருளை எப்படி வாங்குவது, எப்படிப் பதிவது, எப்படிப் பூட்டி வைப்பது, பழுதானால் எப்படிக் கழிப்பது என்பவற்றைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியாது. சிங்களப் பரீட்சையில் சித்தியடைந்தால் பதவி உயர்வு, இல்லாவிட்டால் ஓய்வு என்று சுற்றறிக்கை வந்தது. இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யலாம் என்று அதில் தெளிவாக இருந்தபடியால் இரண்டாவதைத் தெரிவு செய்தேன். இங்கே படிக்க வந்து வேலையும் எடுத்திருந்த எங்கள் ஒரே மகன் குமார், எங்கள் இருவரையும் கூப்பிட்டுக்கொண்டான்.

என் மனைவி பரமேஸ்வரி ஊரில் பெண்கள் பாடசாலையொன்றில் கேத்திரகணிதம் படிப்பித்தவள். இங்கே வந்த பிறகு அவளிடம் கோணம் பற்றிக் கேட்க ஒருவரும் இல்லை.

பக்கத்து வீட்டுக் கெவின் இளைப்பாறிய ட்ராம் கொண்டக்டர். ரிக்கற்றும் மிச்சக் காசுமாக வாழ்ந்தவர் என்பதால் எனக்கும் அவருக்கும் முதல் நாளே ஒத்துப்போய்விட்டது. அவர் ஒரு கைத்துப்பாக்கிக் கழகத்தில் அங்கத்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகருக்கு வெளியே பழைய கல்லுக்குழி ஒன்றில் இருந்த அந்தக் கழகத்துக்கு எங்களை அழைத்துப் போனார். முதலில் என்னைச் சுடச் சொன்னார்கள். நான் சுட்டவை எல்லாம் கடதாசி இலக்கைத் தொடாமல் அதற்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் பட்டன. மண்மேட்டில் பட்டதைக் கழகத் தலைவர் நேரில் பார்த்து உறுதி செய்தார்.

பிறகு மரியாதைக்காக மனைவியைக் கேட்டார்கள். அவள் கைப்பையை என்னிடம் தந்துவிட்டு, சீலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். இலக்கைக் கொண்டுவந்தபோது கெவின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்கள் கையைச் சரிச்சுப் பிடிக்கிறியள். கோணம் பிழை" என்றாள் என்னிடம், வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பவனுக்குச் சொல்வதுபோல.

அனுமதிப் பத்திரத்துக்குப் பொலிஸ் நிலையம் போனோம். கொன்ஸ்ரபிள் ஒவ்வொரு கேள்வியையும் என்னைப் பார்த்துக் கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் அவரைப் பார்த்துப் பதில் சொன்னாள். கைத்துப்பாக்கி எதற்காகத் தேவை என்று கேட்டபோது, "நடுவில் படுவதற்கு" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அதை அவர் அப்படியே எழுதிக்கொண்டார். சீலையோடு சுடலாமா என்ற விடயம் கழகச் செயற்குழுவில் விவாதிக்கப்பட்டது. சப்பாத்து மூடியிருக்க வேண்டும் என்று மட்டுமே விதியில் இருந்ததால், கார்டிகனும் மூடிய சப்பாத்தும் அணிந்தால் சீலைக்குத் தடையில்லை என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். நல்ல செயற்குழு. கொழும்பில் அதற்கு ஓர் ஆணைக்குழு நியமித்திருப்பார்கள்.

நான் சுடுவதை அன்றோடு விட்டுவிட்டுத் தோட்டா தயாரிக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டேன்.

3

மகனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்களைக் கூப்பிட்டுச் சில காலத்தில் குமார் வேலை மாறிச் சிட்னிக்குப் போனான். அங்கே ஜூடித் என்ற பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்தான். செய்த பிறகு தொலைபேசியில் அறிவித்தான். பதிவு அலுவலகத்தில் இடம் சிறிது என்றும், சாட்சிக்கு இரண்டு பேர் போதும் என்றும் விளக்கினான். நடைமுறைப்படி அது சரிதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பரமேஸ்வரியும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருந்தது வேறு வகை.

அதன் பிறகு அவன் எப்போது பேசினாலும், எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வாருங்கள் என்பான், ஆங்கிலத்தில். அவளுடைய தமிழ்க் கேள்விகளுக்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்வான். இந்த நாட்டில் ஒருவரை மதிப்பதற்கு 'எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்' என்பதைவிடப் பெரிய வார்த்தை இல்லை என்று கெவின் எனக்குச் சொன்னார். அவர் வீட்டுக்கு அவருடைய பிள்ளைகள் எந்நேரமும் வருவார்கள், குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பார்கள், போவார்கள்.

பரமேஸ்வரி அதை அப்படி எடுக்கவில்லை.

"எப்பவும் வாங்கோ எண்டால் ஒரு நாளும் வரவேண்டாம் எண்டுதான் அர்த்தம். கலியாணம் முடிச்ச பிள்ளை மனிசியையும் கூட்டிக்கொண்டு வந்து, முன்னாலை நிண்டு, 'வீட்டை வாங்கோ அம்மா' எண்டு கூப்பிடவேணும். கூப்பிடாத வீட்டுப் படி நான் மிதிக்கமாட்டன்."

"அவனுக்கு உந்த முறையள் தெரியாதப்பா."

"பெத்தது நான். எனக்குத் தெரியும் அவனுக்கு என்ன தெரியுமெண்டு."

இரண்டு வருடமாக இந்தக் கோப்பு இப்படியே கிடந்தது. மகன் அழைத்துவிட்டதாக நினைத்துக் காத்திருந்தான். தாய் அழைக்கப்படவில்லை என்று காத்திருந்தாள். நடுவில் மெல்பேர்ணுக்கும் சிட்னிக்கும் இடைப்பட்ட ஒரு நெடுஞ்சாலை.

அந்த நேரத்தில்தான் எங்கள் கழகத்தின் அணியொன்று ஈஸ்ரருக்குச் சிட்னி போய்ப் போட்டியிடும் என்று அறிவித்தார்கள். நான்கு பேர் அணி, கூடவே ஒரு ரிசேர்வ். தெரிவுப் போட்டி மார்ச்சில்.

அன்று காரில் வரும்போது அவள் வீதிப் படத்தை விரித்து, சிட்னிக்குப் போகும் சாலையை விரலால் அளந்தாள். பிறகு, "கிளப் வேலையாச் சிட்னிக்குப் போனால், போன இடத்திலை பிள்ளையைப் பாக்கலாம்தானே? அது அழையாமல் போறதிலை சேராது" என்றாள்.

சேராது என்றேன். கடமையின் பேரில் போகும் உத்தியோகத்தருக்கு அழைப்பிதழ் தேவையில்லை. இதைவிடத் தெளிவான ஒரு நடைமுறையை நான் என் உத்தியோகத்தில் கண்டதில்லை. அவள் அந்த அணியில் இடம் பிடித்தால் மகனைப் பார்ப்பாள். பிடிக்காவிட்டால், அடுத்த வழி எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

4

இனி வெடிமருந்து.

வெடிமருந்து என்றதும் ஊரில் கோயில் வாணத்துக்கு இடிக்கும் கறுப்புத் தூளைத்தான் நினைப்பீர்கள். துப்பாக்கிக்கு இப்போது பாவிப்பது வேறு. ஆலையில் செய்து தகரத்தில் அடைத்து வரும், புகை குறைந்த சாம்பல்நிறச் சில்லுகள் அல்லது மணிகள். கடைத் தோட்டா விலை கூடியது. எனவே கழகக்காரர் சுட்டபின் மிஞ்சும் வெற்றுப் பித்தளைக் கோதைத் திரும்ப எடுத்து, தீ மூட்டும் புதுப் பற்றுமருந்தை அடியில் பொருத்தி, தூளை அளந்து போட்டு, மேலே ஈயக் குண்டை அழுத்தித் தாங்களே தோட்டா செய்துகொள்வார்கள். எந்தத் தூள் என்பதில்தான் நட்புகள் முறிகின்றன.

எங்கள் போட்டியில் கடதாசியில் ஓட்டை விழுந்தால் போதும், யானை விழ வேண்டியதில்லை. கை அதிராமல் இருப்பதற்காகத் தூளை மிகக் குறைவாகப் போடுகிறோம். ஆனால் அந்தக் கோதைப் பழைய காலத்தில் கறுப்புத் தூளுக்காக நீளமாகச் செய்துவிட்டார்கள். பெரிய கலியாண மண்டபத்தில் நாலு பேர் வந்து இருப்பதுபோல, தூள் அதற்குள் எங்கே கிடக்கும் என்று சொல்ல முடியாது. முன்னுக்குக் கிடந்தால் குண்டு ஒரு வேகம், பின்னுக்குக் கிடந்தால் இன்னொரு வேகம்.

கெவின் பாவித்தது கனமான நுண்மணித் தூள். அளவைக் கருவியில் தண்ணீர்போல வழுகி இறங்கும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு விழும். அதை நான் முதல் வாரமே நிராகரித்தேன். காரணம் எளிது. கவனம் பிசகி ஒரே கோதில் இரண்டு முறை போட்டுவிட்டால் அது அடியிலேயே பதுங்கிக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. துப்பாக்கி வெடித்துச் சிதறிய பிறகுதான் தெரியும். நான் பிசகமாட்டேன். ஆனால் பிசகமாட்டேன் என்று சொன்ன எல்லாக் களஞ்சியக்காரர்களையும் விசாரித்தவன் நான்.

இரண்டாவது, ஓர் ஆங்கிலேயத் தூள். தகரம் அழகு. உள்ளே இருப்பது குறைந்த அளவில் போட்டால் முழுதாக எரியாது. சுட்ட பின் குழாயில் மஞ்சள் மணிகள் மிஞ்சும், கையெல்லாம் கரி, சீலையெல்லாம் கரி. மூன்றிலொரு பங்கு பாவித்துப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தேன்.

மூன்றாவது, அமெரிக்கச் சில்லுத் தூள். வட்டமான, இலேசான சில்லுகள். சிறிதளவே கோதைப் பாதிக்குமேல் நிரப்பும். இரண்டு முறை போட்டால் வழிந்து கொட்டித் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். குறை என்னவென்றால், சில்லு அளவைக் கருவியில் சிக்கும். ஒரு முறை கூட விழும், ஒரு முறை குறைய விழும். அதனால் ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்தேன். கெவின் என் மேசைக்குப் பக்கத்தில் நின்று ஒரு கோப்பை தேநீரைக் குடித்து முடிக்கும்வரை பார்த்துவிட்டு, அரசாங்க உத்தியோகம் செய்தவர்களுக்குத்தான் இந்தத் தூள் சரி என்றார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அந்தத் தூளில் இன்னொரு நல்ல நடைமுறையும் இருந்தது. சாம்பல் நிறச் சில்லுகளுக்கிடையே ஆங்காங்கே சிவப்புச் சில்லுகளை ஆலைக்காரன் வேண்டுமென்றே கலந்திருப்பான். தகரம் மாறினாலும் தூள் இன்னதென்று கண்ணால் அறிவதற்காக. அதைப் பார்த்ததும் அந்தக் கொம்பனியின் மேல் எனக்கு மரியாதை பிறந்தது.

இத்தனையும் என் காரணங்கள். பரமேஸ்வரிக்கு ஒரே காரணம்தான். மூன்றையும் அவளிடம் பெயர் சொல்லாமல் கொடுத்துச் சுடவைத்தேன்.

"முதலாவது அறையுது. ரெண்டாவது அறைஞ்சிட்டு ஊத்தையும் பூசுது. உது தள்ளுது" என்றாள். "தள்ளுறதைத் தாங்கோ."

அது சில்லுத் தூள். மாசி முழுவதும் அதிலேயே பழகினாள். அவளுடைய ஓட்டைகள் நெருங்கி நெருங்கி, ஒரு தேநீர்க் கோப்பையால் மூடிவிடலாம் என்ற நிலைக்கு வந்தன.

5

தெரிவுப் போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன் மனைவியின் தமக்கை புவனம் அக்கா ஊரிலிருந்து விசிற் விசாவில் வந்தார். கையோடு அரிசி புடைக்கும் பனையோலைச் சுளகு ஒன்றையும் கொண்டுவந்தார். விமான நிலையத்தில் அதைப் பிடித்து வைத்து, புகையடித்து, பூச்சியில்லை என்று உறுதி செய்து, ஒரு கிழமை கழித்து முத்திரை குத்தித் தந்தார்கள். அப்படி முத்திரை குத்தப்பட்ட சுளகு இந்தக் கண்டத்தில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு மச்சாள் முறையான அவர் என்னோடு நேரே பேசுவதில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதை என்னைப் பார்த்துக்கொண்டே தங்கச்சிக்குச் சொல்வார். அவருடைய புருஷன் ஊர்க்கோயிலில் முகாமையாளர். பொம்பிளைப்பிள்ளை துவக்குச் சுடுவதா என்று குதிப்பார் என எதிர்பார்த்தேன். விடயத்தைக் கேட்டவர், "குமாரைப் பாக்கிறதுக்கோ? அப்ப சுடு" என்று மட்டும் சொன்னார்.

தோட்டாக்களைப் போட்டிக்கு முதல்நாள், பகல் வெளிச்சத்தில், ஒரே இருப்பில் செய்து முடிப்பது என் வழக்கம். தூள் கராஜில் பூட்டிய மரப்பெட்டிக்குள் இருந்தது. சாவி சாமித்தட்டில். வீட்டில் அதைவிடப் பாதுகாப்பான இடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அங்கே தினமும் விளக்கேற்றுவது மச்சாள்.

போட்டிக்கு முதல்நாளான சனிக்கிழமை காலை மீனும் மரக்கறியும் வாங்க நானும் மனைவியும் ஸ்பிரிங்வேல் சந்தைக்குப் போனோம். மத்தியானம் திரும்பியபோது நல்ல வெயில், வடக்குக் காற்று. பின்வளவில், உடுப்புக் காயப்போடும் கம்பிக்குக் கீழே, வெள்ளைப் படுக்கை விரிப்பொன்று விரித்திருந்தது. அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ பரப்பியிருந்தது. பக்கத்தில் கதிரை போட்டு, மாக்பை குருவிகள் கொத்தாமல் கையில் தடியோடு மச்சாள் காவலிருந்தார். மடியில் சுளகு.

"அக்கா, என்ன காயுது?" என்றாள் பரமேஸ்வரி.

"உன்ரை மருந்துதான் பிள்ளை. கராஜ் முழுக்க ஈரம், என்ரை செருப்பே பூத்துப்போச்சு. மருந்து மட்டும் ஈரம் புடியாமல் கிடக்குமோ?" என்றார், என்னைப் பார்த்துக்கொண்டு. "ஊரிலை திருவிழாவுக்கு முதல்நாள் வாணக்காரன் மருந்தைக் காயப்போடாமல் விடுவானே? ஒருக்கால் ஈர மருந்தாலை ஒரு வாணமும் எழும்பாமல், உன்ரை அத்தான் வெளியிலை தலை காட்டேலாமல் போனது நினைவில்லையோ? நாளைக்கு உனக்கும் புஸ்ஸெண்டு போனால்?"

நான் குனிந்து பார்த்தேன். சிவப்பைக் காணவில்லை.

"இதிலை சிவப்பாக் கொஞ்சம் இருந்திருக்குமே?" என்று காற்றைப் பார்த்துக் கேட்டேன்.

"அதையேன் கேக்கிறாய் பிள்ளை! வெள்ளைக்காரனும் கலப்படம்தான். சுளகிலை போட்டுப் புடைச்சு, ஒண்டு விடாமல் பொறுக்கி எறிஞ்சிட்டன். அரிசிக் கல்லுப் பொறுக்கின கண்ணல்லோ."

காலையிலிருந்து மத்தியானம் வரை, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு கொம்பனி தன் அடையாளமாகக் கலந்த ஒவ்வொரு சில்லையும் அந்த அம்மா பொறுக்கியிருக்கிறார். என் உத்தியோகத்தில் நான் கண்ட எந்தக் கணக்காய்வும் அவ்வளவு முழுமையாக நடந்ததில்லை.

மனைவி என்னைப் பார்த்தாள். "பிழையோ?"

விளக்கினேன். இந்தத் தூளில் செய்யும்போதே ஒரு சிறு ஈரம் விடப்பட்டிருக்கும். வெயிலில் அது போனால் தூள் வேகமாக எரியும். எவ்வளவு வேகமாக என்று யாராலும் சொல்ல முடியாது. அத்தோடு, அடையாளமற்றுத் தகரத்துக்கு வெளியே கிடக்கும் தூளைப் பாவிக்கக் கூடாது, அழிக்க வேண்டும் என்பது விதி.

"இது என்ன தூளெண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"எனக்குத் தெரியும். விதிக்குத் தெரியாது. உம்முடைய முகத்துக்கு நேரை வெடிக்கிற சாமான், பரமேஸ்."

மச்சாளின் முகம் மாறியது. முதன்முதலாக என்னோடு நேரே பேசினார்.

"நான் கெடுத்துப்போட்டனோ?"

நான் குனிந்து விரிப்பின் மூலைகளைச் சேர்த்துப் பிடித்தேன். பரமேஸ்வரிதான் சொன்னாள்: "அழாதை அக்கா. உள்ளை போய்த் தேத்தண்ணி போடு."

துப்பாக்கிக் கடை சனிக்கிழமை மத்தியானத்தோடு பூட்டினால் இனித் திங்கட்கிழமைதான். விதிப்படி அந்தத் தூளை ரோசாச் செடிகளுக்கு மேலும் புல்லுக்கு மேலும் மெல்லத் தூவினேன். நைதரசன் உண்டு, செடிக்கு நல்லது. வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த கெவின் விடயத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போய், தான் நாளைக்கென்று செய்து வைத்திருந்த தோட்டாக்களில் பாதியைக் கொண்டுவந்து நீட்டினார். அணியின் நாலாவது இடத்துக்கு அவரும் பரமேஸ்வரியும்தான் போட்டி என்பது கழகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

வேறொருவர் செய்த தோட்டாவை எந்த நாளும் சுடுவதில்லை என்பது இந்த விளையாட்டின் முதல் விதி. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அதுதான் சரி என்று கெவினும் தலையாட்டினார்.

பரமேஸ்வரி கராஜ் வாசலில் நின்றாள். "மிச்சம் என்ன இருக்கு?"

"அந்த ஆங்கிலேயத் தூள். தகரமும் சரி, லேபலும் சரி."

"ஊத்தை பூசுறது."

"ஓம்."

"அறையுறது."

"ஓம். குண்டு படுற இடமும் மாறும். பழக நேரமில்லை."

அவள் தன் வலக்கையை விரித்துப் பார்த்தாள். "கை இருக்கும்தானே?"

"கை இருக்கும்."

"அப்ப அதைப் போடுங்கோ" என்றாள்.

6

ஞாயிற்றுக்கிழமை அவள் பழைய சீலையொன்றை உடுத்தி வந்தாள். புள்ளிக்குச் சேராத பரீட்சைச் சூடுகள் சில அனுமதிக்கப்படும். முதல் சூடு இலக்கின் கீழ்க் கரையில் பட்டது. அடுத்ததும் அங்கேயே. அவள் துப்பாக்கியை வைத்துவிட்டு, அதன் பின்பக்கக் குறிகாட்டியின் திருகாணியைத் திருகினாள். எத்தனை பல் திருகவேண்டும் என்று மனக்கணக்குப் போட்டிருப்பாள். மூன்றாவது நடுவுக்குப் பக்கத்தில் விழுந்தது. பின்னாலிருந்த யாரோ சீட்டியடித்தார்கள்.

நேரமெடுத்து ஆறுதலாகச் சுடும் பகுதியில் கெவினுக்கு ஒரு புள்ளி முன்னுக்கு நின்றாள். இலக்கு திரும்பித் திரும்பி மறையும் விரைவுப் பகுதியில்தான் அந்தத் தூள் தன் குணத்தைக் காட்டியது. ஒவ்வொரு அறைக்கும் அவளுடைய மணிக்கட்டு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. மாசி முழுக்கத் தள்ளலுக்குப் பழகிய கை. புள்ளிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. முடிவில் கண்ணிமையிலும் கரி.

கெவின் நாலாவது. பரமேஸ்வரி ஐந்தாவது.

கெவின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஈஸ்ரர் நேரத்தில் தனக்கு முதுகுவலி வரக்கூடும் என்றும், அது அநேகமாக நிச்சயம் என்றும் சொன்னார். அவருடைய முதுகைப் பற்றி எனக்குத் தெரியும். அது நல்ல முதுகு.

பரமேஸ்வரி கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தாள். கரி பரவியதே தவிரப் போகவில்லை. வேண்டாம், நன்றி என்று அவரிடம் சொல்லிவிட்டு என்னைக் கேட்டாள்.

"ரிசேர்வும் பஸ்ஸிலைதானே போறது?"

"ஓம். ஆனால் ஒருத்தருக்கு ஏலாமல் போனால்தான் சுட விடுவினம்."

"சுடாட்டி என்ன? கிளப் வேலைதானே?"

கடமையில் இருப்பவரும் கடமைக்குத் தயாராக இருப்பவரும் ஒரே வகுதியில் அடங்குவர் என்று சொன்னேன். அப்படி ஒரு விதி எங்கேயும் இல்லை. என் வாழ்நாளில் நானாக ஆக்கிய ஒரே விதி அது.

காரில் இருந்த மச்சாளிடம் முடிவைச் சொன்னோம். வீடு வந்ததும் அவர் சுளகை எடுத்து, அலுமாரிக்கு மேலே, கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார்.

7

ஈஸ்ரருக்குச் சிட்னியில் நாங்கள் தங்கிய மோட்டலில் இருந்து பரமேஸ்வரி மகனுக்குத் தொலைபேசி எடுத்தாள். கழக அலுவலாக வந்திருப்பதாகவும், நாளைக்குப் போட்டி மைதானத்தில் இருப்பதாகவும் சொன்னாள். வா என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. அவள் பேசி முடித்துவிட்டு ரிசீவரை வைத்த விதத்தைக் கண்டபின், எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் முதற்சுற்று முடிந்த நேரத்தில் அவர்கள் இருவரும் வந்தார்கள். குமார் மெலிந்திருந்தான். ஜூடித் நல்ல உயரம், வெயிலுக்குத் தொப்பி. பரமேஸ்வரி சுடுபவர்களுக்குப் பின்னால், தனியாக ஒரு வாங்கில், மடியில் துப்பாக்கிப் பெட்டியோடு இருந்தாள். நான் சற்றுத் தள்ளிக் கெவினின் தோட்டாக்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா ஏன் சுடாமல் இருக்கிறீர்கள் என்று அவன் ஆங்கிலத்தில் கேட்டான்.

"நான் ரிசேர்வ்."

ஏன் ரிசேர்வ், நீங்கள் நன்றாகச் சுடுவதாக அப்பா சொன்னாரே என்றான், அதுவும் ஆங்கிலத்தில்.

"மருந்து பழுதாப் போச்சு. பெரியம்மா வந்து நிண்டவ. வெயிலிலை காயப்போட்டுட்டா."

அவன் தாயைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "சுளகிலை போட்டோ?" என்றான்.

"ஓம். புடைச்சுக் கல்லும் பொறுக்கினவ."

"கல்லோ? அதுக்குள்ளை என்ன கல்லு?"

"சிவப்பாக் கிடந்ததாம். கலப்படமாம்."

குமார் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான். காதுமூடி அணிந்த நடுவரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தான். "காகத்துக்குத் தடியும் வைச்சிருந்தவவோ?" என்று இடையில் கேட்டான். வைத்திருந்தார் என்று அவள் சொன்னதும் இன்னும் மோசமாகிவிட்டது. பரமேஸ்வரி சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

என்ன, என்ன என்று ஜூடித் கேட்டாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுளகு என்றால் ஒரு வகைத் தட்டு என்று தொடங்கினான். தட்டு அல்ல, கூடை என்றான். கூடையும் அல்ல என்று இரண்டு கையாலும் புடைத்துக் காட்டினான். ஜூடித் அந்தக் கைகளையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கைவிட்டான்.

"என்னாலை ஏலாது. அம்மா, வீட்டை வாங்கோ. நீங்களே வந்து இவவுக்குச் சொல்லுங்கோ."

பரமேஸ்வரி சீலைத் தலைப்பைச் சரிசெய்தாள். மகனையும் பார்த்தாள், அவனுக்குப் பக்கத்தில் நின்ற மருமகளையும் பார்த்தாள்.

"வாறன்" என்றாள். "போட்டி முடியட்டும். ரிசேர்வ் இடத்தை விட்டு எழும்பக்கூடாது."

எழும்பலாம். விதியில் அப்படி எதுவும் இல்லை. நான் வாய் திறக்கவில்லை.

இன்னும் இரண்டு சுற்று மிச்சமிருந்தது. கெவின் நிதானமாகச் சுடுகிறவர். நல்ல வெயில். அவள் துப்பாக்கிப் பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு வாங்கில் தள்ளி இருந்து இடம் விட்டாள். ஒரு பக்கம் மகனும் மறுபக்கம் ஜூடித்துமாக, கடைசிக் குண்டு வெடிக்கும்வரை மூன்று பேரும் அதிலேயே இருந்தார்கள்.